சிங்கப்பூரில் முதல்முறை சாரம் ஏறப் போகிறவர்களுக்கு

ஊரில் வீட்டு வேலைக்குச் சாரம் என்றால் சவுக்குக் கட்டை, மூங்கில், கயிறு. கட்டுகிறவரும் ஏறுகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கயிறு தளர்ந்திருந்தால் ஏறும்போதே காலுக்குத் தெரிந்துவிடும். அவரே இறுக்கிக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்.

சிங்கப்பூர் தளத்தில் அப்படி இல்லை. சாரத்தைக் கட்டுவது ஒரு நிறுவனம், சோதித்துக் கையெழுத்துப் போடுவது ஒருவர், ஏறுவது நீங்கள். பூச்சு, பெயின்ட், ஜன்னல், குழாய் என்று நாலைந்து சப்-கான்ட்ராக்டர்களின் ஆட்கள் அதே சாரத்தில் ஏறி இறங்குவார்கள். நேற்று மாலை யார் எந்தக் கம்பியைக் கழற்றினார் என்று இன்று காலை ஏறுகிறவருக்குத் தெரியாது. இந்த இடைவெளியில்தான் ஆள் விழுகிறார்.

நான் இங்கே பூச்சு வேலைக்கு உதவியாளாக வந்து, பிறகு சாரம் கட்டக் கற்றுக்கொண்டு, இப்போது சாரம் சூப்பர்வைசராக இருக்கிறேன். கட்டி முடித்த அன்றைக்கே ஒரு சாரம் மோசமாக இருந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. சரியாகக் கட்டிய சாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் ஏறும் முன் உங்கள் கண்ணால் பார்க்க வேண்டியவற்றைத்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

யார் தொடலாம், யார் தொடக்கூடாது

சிங்கப்பூரில் சாரத்துக்கென்றே 2011-ல் தனி விதிகள் வந்தன. 2006-ம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வருபவை அவை. ஒருவர் 4 மீட்டருக்கு மேல் விழக்கூடிய சாரம் என்றால், மனிதவள அமைச்சின் அங்கீகாரம் பெற்ற சாரம் நிறுவனம்தான் அதைக் கட்ட வேண்டும். மாற்றுவது, பழுதுபார்ப்பது, பிரிப்பது எல்லாமே அவர்கள் வேலை. கட்டுகிற ஆட்களுக்கும் அவர்களை நடத்தும் சூப்பர்வைசருக்கும் தனித்தனிப் பயிற்சி உண்டு. சாரம் 30 மீட்டரைத் தாண்டினால் தொழில்முறைப் பொறியாளர் ஒருவரின் வடிவமைப்பும் வேண்டும்.

நீங்கள் பெயின்ட் அடிக்க வந்தவர் என்றால், குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு கிளாம்பைக்கூடத் தளர்த்தக்கூடாது. ஐந்து நிமிட வேலைக்குக் குறுக்கே நிற்கிறது என்று ஒரு பிரேஸை, அதாவது குறுக்குக் கம்பியை, கழற்றி ஓரமாக வைப்பது எல்லாத் தளத்திலும் நடக்கிறது. திரும்ப மாட்டலாம் என்று நினைத்துத்தான் கழற்றுகிறார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் மறந்துவிடுகிறது.

மிக ஆபத்தானது டை. சாரத்தைக் கட்டடத்தோடு பிடித்துவைக்கும் கம்பி அது. சாரத்தின் எடையைத் தரை தாங்குகிறது. ஆனால் அது வெளிப்பக்கம் சாயாமல் நிற்பது டையால்தான். ஒரு டையைக் கழற்றினால் உடனே எதுவும் ஆகாது, சாரம் அசையக்கூட அசையாது. அதனால் அடுத்த ஆள் பக்கத்து டையையும் தைரியமாகக் கழற்றுகிறார். நான் வேலை செய்த ஒரு தளத்தில், ஜன்னல் சட்டம் மாட்ட வந்தவர்கள் ஒரே வரிசையில் நான்கு டைகளை எடுத்திருந்தார்கள். வெளியே பச்சை வலை போர்த்திய சாரம். வலை காற்றைப் பாய்மரம்போல வாங்கும். அன்று காற்று வீசவில்லை, அவ்வளவுதான். தற்செயலாக அந்தப் பக்கம் போன சாரம் கட்டும் ஆள் ஒருவர் அதைப் பார்த்து எல்லோரையும் இறக்கினார்.

டை உண்மையாகவே இடைஞ்சலாக இருந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் வேறொரு டை போட்ட பிறகுதான் பழையதை எடுப்பார்கள். அரை நாள் தாமதமாகலாம். ஆகட்டும்.

அட்டையைப் படிக்கும் விதம்

ஏணிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கும். பச்சை என்றால் ஏறலாம், சிவப்பு என்றால் ஏறக்கூடாது. புதிதாக வந்தவர்கள் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். நிறத்தைவிடத் தேதியைப் பாருங்கள்.

சாரத்தைக் கட்டி முடித்ததும் சூப்பர்வைசர் சோதிக்க வேண்டும். அதன் பிறகு கடைசிச் சோதனையிலிருந்து 7 நாளுக்குள் மறுபடியும் சோதிக்க வேண்டும். 3-ம் தேதி சோதித்திருந்தால் அடுத்தது 10-ம் தேதியைத் தாண்டக்கூடாது. இன்று 12-ம் தேதி, அட்டையில் 3 என்று இருக்கிறது என்றால் அது பச்சையாகவே இருந்தாலும் ஏறாதீர்கள். மழையில் மை கரைந்து தேதி படிக்க முடியாமல் இருந்தாலும் அப்படித்தான்.

தேதி சரியாக இருந்தாலும் அந்த அட்டை ஒன்றைத்தான் சொல்கிறது: அன்றைக்கு, அந்த நேரத்தில், ஒருவர் பார்த்தபோது சாரம் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அட்டைக்குத் தெரியாது. அட்டையில் கையெழுத்துப் போடுகிறவனாகவே இதைச் சொல்கிறேன்.

கீழிருந்து மேலே பாருங்கள்

ஏறும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வரிசை முக்கியம். எல்லோரும் மேலே பார்ப்பார்கள், நீங்கள் தரையிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் அடிப்பாகம். சாரத்தின் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஜாக் பேஸ் என்ற, உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் இரும்பு அடி, அதற்குக் கீழே அடிப்பலகை இருக்க வேண்டும். மண் தரையில் அடிப்பலகை இல்லாமல் நிற்கிற கால் ஒரு நல்ல மழையில் புதைந்துவிடும். செங்கல், உடைந்த டைல், மரத்துண்டு என்று எதையாவது முட்டுக்கொடுத்திருந்தால் ஏறாதீர்கள். பக்கத்தில் யாராவது பள்ளம் தோண்டியிருக்கிறார்களா, காலடியில் தண்ணீர் ஓடிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கால் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தால், அதன் சுமையைப் பக்கத்துக் கால்கள் வாங்கிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

அடுத்து ஃப்ரேம். இங்கே அதிகம் பார்ப்பது கதவுச் சட்டம் மாதிரி இருக்கும் இரும்பு ஃப்ரேம்கள், ஒன்று சுமார் 1.7 மீட்டர் உயரம். ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் இடத்தில் உள்ளே இணைப்பு பின் இருக்கும், அது கழன்றுவிடாமல் பூட்டும் இருக்கும். சற்றுத் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு கால்களை மேல்நோக்கிப் பாருங்கள். தூக்குக்குண்டு விட்டதுபோல நேராக இருக்க வேண்டும். லாரியோ ஃபோர்க்லிஃப்டோ இடித்து வளைந்த குழாயை இந்தப் பார்வையில் பிடித்துவிடலாம். வளைந்த குழாயை நிமிர்த்தித் திரும்பப் போடக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

பிறகு குறுக்கு பிரேஸ். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கத்தரிக்கோல்போலக் குறுக்காகப் போகிற கம்பிகள் இவை. எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரி வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது, ஓர் இடத்தில் மட்டும் காலியாக இருந்தால் அது யாரோ கழற்றிய இடம். டையையும் இப்படித்தான் தேட வேண்டும். ஒழுங்கான அமைப்பில் எங்கே ஒழுங்கு தவறுகிறது என்று பாருங்கள். கணக்குத் தெரியாதவர்கூட இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம் நீங்கள் நிற்கப்போகும் தளம். இரும்புப் பலகைகளின் நுனியில் கொக்கிகள் இருக்கும். நான்கு கொக்கிகளும் குழாயில் முழுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஏறாமல் நின்றால் பலகை பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். மிதித்த பிறகுதான் சரியும். என்னோடு வேலை செய்த நண்பர் ஒருவர் அப்படித்தான் இரண்டாம் அடுக்கிலிருந்து முதல் அடுக்குக்கு விழுந்தார். கீழே பலகை இருந்ததால் உயிர் தப்பினார், மணிக்கட்டு முறிந்தது. அன்றிலிருந்து பலகை மேல் ஏறும் முன் அதன் நுனியைக் காலால் தட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். கடகடவென்று ஆடினால் பின்வாங்குங்கள்.

கடைசியாகக் கைப்பிடிக் குழாய்கள். 2 மீட்டருக்கு மேல் விழக்கூடிய எந்தத் திறந்த பக்கத்துக்கும் தடுப்பு வேண்டும். மேல் குழாய் நிற்கும் பலகையிலிருந்து குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், உங்கள் இடுப்புக்கு மேலே. இரண்டு குழாய்களுக்கு இடையே 600 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. கால் பக்கத்தில் குறைந்தது 90 மில்லிமீட்டர் உயரத்துக்கு டோ போர்டு. டோ போர்டு உங்களுக்காக அல்ல. நீங்கள் காலால் தட்டிவிடும் சுத்தியல் கீழே நடந்து போகிறவரின் தலையில் விழாமல் இருப்பதற்காக.

கட்டடத்துக்கும் சாரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வெளிப்பக்கம்தான் பயமாகத் தெரியும். பூச்சு வேலை செய்கிறவரோ சுவரைப் பார்த்து நின்று, பின்னால் நகர்ந்து, முன்னால் எட்டிக் கை நீட்டிக்கொண்டே இருப்பார். உள்பக்க இடைவெளியில் ஆள் நுழைகிற அளவு இருந்தால் அங்கேயும் தடுப்போ பலகையோ கேளுங்கள்.

ஏறுவதற்கு ஏணியோ படியோ கொடுத்திருப்பார்கள். அது மேல் பலகையைத் தாண்டி 1 மீட்டராவது நீண்டிருந்தால்தான் இறங்கும்போது பிடிமானம் கிடைக்கும். குறுக்குக் கம்பிகளைப் பிடித்துக் குரங்குபோல ஏறுவது ஊரில் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்திருக்கலாம். இங்கே தயவுசெய்து வேண்டாம். பிரேஸ்கள் ஆள் எடையை நடுவில் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

விடியற்காலைக் காற்று

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கத்திலிருந்து திடீர்க் காற்றோடு மழை வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னாலோ காலையிலோ வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் வானம் வெளுத்துவிடும். நீங்கள் லாரியில் வந்து இறங்கும்போது தரை மட்டும் ஈரமாக இருக்கும்.

அட்டையில் இரண்டு நாளுக்கு முந்தைய தேதி இருக்கும். 7 நாள் கணக்குப்படி அது செல்லும். ஆனால் சாரத்தைப் பாதித்திருக்கக்கூடிய காற்றோ மழையோ வந்துபோனால் மறுபடி சோதிக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. 7 நாள் என்பது அதிகபட்ச இடைவெளி. அவ்வளவு நாளுக்கு உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தங்குமிடத்தில் இரவு காற்றுச் சத்தம் கேட்டு எழுந்தீர்கள் என்றால், வேலைக்கு முன் எல்லோரையும் கூட்டிப் பேசும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் "இன்னைக்குச் சாரம் செக் பண்ணியாச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பத்துப் பேர் மனதில் இருக்கும் கேள்விதான் அது.

மின்னல் எச்சரிக்கை வந்தால் இறங்கிவிட வேண்டும். ஈரத்தில் நிற்கும் உயரமான இரும்பில் இருந்துகொண்டு "இந்த ஒரு சுவரை முடிச்சுட்டு வரேன்" என்று சொல்லாதீர்கள்.

எடை

சாரம் ஆட்களுக்கும் கைக்கருவிகளுக்கும் கொஞ்சம் பொருளுக்கும்தான். கிடங்காகப் பயன்படுத்தக்கூடாது. 20 லிட்டர் வாளி நிறையச் சாந்து சுமார் 40 கிலோ. ஒரு செங்கல் 3 கிலோ என்று வைத்தால் நூறு செங்கல் 300 கிலோ. ஒரே பலகையில் இரண்டு பேர், ஐந்து வாளி, ஒரு குவியல் செங்கல் என்று சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டிவிடும், யாருக்கும் தெரியாமலே. எவ்வளவு ஏற்றலாம் என்று அட்டையிலோ அறிவிப்பிலோ எழுதியிருப்பார்கள். புரியவில்லை என்றால் கேளுங்கள். பொருளைச் சாரத்தின் கால்களுக்கு அருகில் வையுங்கள், பலகையின் நடுவில் குவிக்காதீர்கள். மாலையில் மீதியை இறக்கிவிடுங்கள்.

ஹார்னஸை எங்கே மாட்டுவது

3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய ஆபத்தான வேலைக்கு பெர்மிட், அதாவது வேலை அனுமதிச் சீட்டு, வேண்டும். முழுத் தடுப்பு உள்ள சாரத்திலும் ஹார்னஸ், அதாவது விழாமல் பிடிக்க உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை, போடச் சொல்கிற தளங்கள் நிறைய. போடுவது எளிது. எங்கே மாட்டுவது என்பதில்தான் தவறு நடக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கயிறு 2 மீட்டர். விழும்போது அதிர்ச்சியை வாங்கும் பொதி கிழிந்து 1.75 மீட்டர் வரை நீளலாம். முதுகு வளையத்திலிருந்து உங்கள் கால் வரை சுமார் 1.5 மீட்டர். கீழே மோதாமல் இருக்க இன்னும் 1 மீட்டர். மொத்தம் 6.25. அதாவது காலடியில் கொக்கியை மாட்டிக்கொண்டு 4 மீட்டர் உயரத்தில் நின்றால், கயிறு உங்களை முழுதாகப் பிடித்து நிறுத்தும் முன்னே தரை வந்துவிடும். தலைக்கு மேலே மாட்டினால் விழும் தூரமே மிகக் குறைவு. அதனால் எப்போதும் மேலே, சூப்பர்வைசர் காட்டிய இடத்தில் மாட்டுங்கள். பிரேஸில் மாட்டாதீர்கள், தண்ணீர்க் குழாயில் மாட்டாதீர்கள். நகரும்போது இரண்டு கொக்கியில் ஒன்று எப்போதும் மாட்டியே இருக்கட்டும். ஒருமுறை விழுந்து பொதி கிழிந்த கயிற்றைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது.

யாராவது ஹார்னஸில் தொங்கினால் நிமிடங்கள் முக்கியம். கால் பட்டைகள் இறுக்கி ரத்த ஓட்டம் கெடும். எப்படி இறக்குவது என்ற திட்டம் வேலை தொடங்கும் முன்பே இருக்க வேண்டும்.

சக்கரம் வைத்த சாரம்

நான்கு சக்கரமும் பூட்டியிருக்க வேண்டும், சமதரையில் நிற்க வேண்டும். தள்ளும்போது மேலே ஆளோ பொருளோ இருக்கக்கூடாது. "நீ மேலயே இரு, நான் தள்ளுறேன்" என்று உடன் வேலை செய்கிறவர் அன்போடு சொன்னாலும் இறங்கிவிடுங்கள். உயரம் போதவில்லை என்று மேலே வாளியைக் கவிழ்த்து ஏறுவதும் கூடாது. வாளி மேல் நின்றால் கைப்பிடி உங்கள் தொடை உயரத்துக்கு வந்துவிடும்.

தவறு கண்டால் என்ன செய்வது

இதுவரை சொன்னதெல்லாம் கண் வேலை. வாயைத் திறப்பதுதான் கஷ்டம். ஏஜென்டுக்குக் கட்டிய பணம் இன்னும் கடனாக நிற்கும். ஊரில் வீட்டுக்கு மாதம் அனுப்ப வேண்டும். புதிதாக வந்தவன் குறை சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். எனக்கும் இருந்தது. முதல் வருடத்தில் ஆடும் பலகைகளைப் பார்த்தும் பேசாமல் ஏறியிருக்கிறேன்.

படிப்படியாகச் செய்யுங்கள். முதலில் ஏறாதீர்கள், ஏறியிருந்தால் இறங்குங்கள். பக்கத்தில் இருப்பவர்களையும் நிறுத்துங்கள். அவர் வங்காளியாகவோ சீனராகவோ மியன்மார்காரராகவோ இருக்கலாம். மொழி தேவையில்லை, கையைக் குறுக்காகக் காட்டி அந்த இடத்தைச் சுட்டினால் புரியும். போன் அனுமதிக்கும் இடத்தில் ஒரு படம் எடுங்கள். பிறகு உங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், அவர் கிடைக்காவிட்டால் மெயின் கான்ட்ராக்டரின் சேஃப்டி ஆளிடம் சொல்லுங்கள். சொல்லும்போது "சாரம் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், "மூன்றாவது அடுக்கு, ஏணியிலிருந்து நாலாவது கட்டம், டை இல்லை" என்று இடத்தோடு சொல்லுங்கள். இடம் சொன்னால் மறுக்க முடியாது, வந்து பார்த்தே ஆக வேண்டும். நீங்களே சரிசெய்ய முயலாதீர்கள்.

அவர்கள் வந்து சரிசெய்து, மறுபடி சோதித்து, அட்டையில் புதுத் தேதி போட்ட பிறகு ஏறுங்கள். "சரி, சரி, ஏறு" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

யாரும் கேட்கவில்லை என்றால் மனிதவள அமைச்சிடம் புகார் கொடுக்கலாம். படம் எடுத்து அனுப்ப ஸ்னாப்சேஃப் என்ற வசதியை அவர்களே வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக் குறையை அதிகாரிகளிடம் சொன்னதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்குவதையும் நீக்குவேன் என்று மிரட்டுவதையும் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் பயம் உடனே போய்விடாது, தெரியும். அதனால் தனியாகப் போகாதீர்கள். உங்கள் குழுவில் மூத்தவர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். நம் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து நின்று சொன்னால் அதன் பலமே வேறு.

முதல் நாள்

கட்டுமானப் பாதுகாப்புப் பயிற்சி இங்கே தமிழிலும் நடக்கிறது. அதில் தூங்காதீர்கள். விமானத்தில் வந்த களைப்பு இருக்கும், ஆனாலும் சந்தேகத்தைத் தமிழிலேயே கேட்டுக்கொள்ள அதுதான் நல்ல இடம். தளத்துக்குப் போன முதல் நாள், டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்ததும் ஃபோர்மேனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இந்தச் சாரத்துக்கு சூப்பர்வைசர் யாரு?" அவரைக் கைகாட்டச் சொல்லி முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய எண்ணைப் போனில் சேமித்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஏணியில் கால் வையுங்கள்.